தண்ணி வர்றதுக்குள்ள சுவர் நிக்கணும்: ஹெச்.எம்.முக்கும் பெற்றோருக்கும் சண்டை வந்த ஊர்களின் அனுபவம்

திருவாரூர் மாவட்டம், நடுநிலைப் பள்ளி மாணவன் ஒருத்தனோட அம்மா

2021 நவம்பர் மழையில எங்க ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சுவர் சாஞ்சு வாய்க்கால்ல விழுந்துடுச்சு. வெண்ணாற்றுப் பாசன வாய்க்கால் அது. கோடையில காய்ஞ்சு கிடக்கும், பிள்ளைங்க பந்து எடுக்க இறங்கி ஏறும். தண்ணி வந்துட்டா என் கழுத்து மட்டம் ஓடும்.

2022-ல பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதுசாப் போட்டப்போ என்னைத் தலைவராக்கினாங்க. தலைவர் அங்கே படிக்கிற பிள்ளையோட அம்மாவா இருக்கணும்னு விதி. குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. அதை யாரோ வாட்ஸப் குரூப்ல போட்டதிலிருந்து, "இனிமே பள்ளிக்கூடம் நம்ம கையில"ன்னு ஒரு பேச்சு ஊருக்குள்ள வந்துடுச்சு.

முதல் கூட்டத்துலயே சுவரைத்தான் பேசினோம். "மேலே எழுதியிருக்கேம்மா"ன்னாங்க ஹெச்.எம். டீச்சர். அடுத்த மாசமும் அதே பதில். வருஷம் ஒண்ணு அப்படியே போச்சு. எழுதின கடுதாசியை நாங்க யாரும் கண்ணால பார்த்ததில்லை.

2023 மே மாசம், டீச்சர் லீவுக்குச் சொந்த ஊர் போயிருந்தப்போ, நம்ம ஆளுங்களே வசூல்ல இறங்கிட்டாங்க. சிங்கப்பூர்ல ஒருத்தர், திருப்பூர் பனியன் கம்பெனியில நாலு பேர், உள்ளூர்ல வீட்டுக்கு ஐந்நூறுன்னு 64,000 ரூபாய் சேர்ந்துச்சு. கொத்தனார் வந்து அஸ்திவாரமும் தோண்டியாச்சு. ஜூன் முதல் வாரம் டீச்சர் வந்தாங்க, பார்த்தாங்க, வேலையை நிறுத்தினாங்க. "யாரைக் கேட்டு மண்வெட்டி வச்சீங்க? போலீசுக்கு எழுதிடுவேன்"னு சொன்னது தெரு முழுக்கப் பரவிடுச்சு.

ஜூன் 12, மேட்டூர் திறந்த அதே நாள்ல பெரிய வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடமும் திறந்துச்சு. 16-ந் தேதி கல்லணை. எங்க பக்கம் தண்ணி வர இன்னும் கொஞ்ச நாள்தான். சுவர் இல்லை, அதோட இப்போ ஒரு நீளக் குழி வேற. எனக்குத் தூக்கமே இல்லை. குரூப்ல ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஏச்சு. ஒருத்தர் டீச்சரோட சாதியை இழுத்து ஒரு வரி போட்டார். நான் சண்டை போட்டு அழிக்க வச்சேன். அதுக்குள்ள அது டீச்சர் செல்லுக்கே போய்ச் சேர்ந்துடுச்சு. இந்தச் சண்டையில மன்னிக்க முடியாத தப்புன்னா எனக்கு அது ஒண்ணுதான்.

வட்டாரக் கல்வி அலுவலருக்கு நாங்க ஒரு மனு, டீச்சர் ஒரு கடிதம். ரெண்டுக்கும் பதில் வரலை.

வழி காட்டினது சத்துணவு அமைப்பாளர் அக்கா. "டீச்சர் ரெண்டு நாளா அடுப்பங்கரையில வந்து உட்கார்ந்து அழுவுது. நீ தனியா வா, கும்பலா வராதே"ன்னாங்க. போனேன். முதல்ல அந்த வரிக்கு மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் ஒண்ணும் சொல்லாம ஒரு டம்ளர் டீயை என் பக்கம் நகர்த்தி வச்சாங்க. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்காரலாம்னு முடிவாச்சு. பெற்றோர் பக்கம் நாலு பேர், டீச்சர், உதவி ஆசிரியர் ஒருத்தர், வார்டு உறுப்பினர். செல்லையெல்லாம் அக்கா வாங்கிச் சத்துணவுக் கூடத்துல வச்சுட்டாங்க.

நாலாம் வகுப்பு பெஞ்சுல முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். டீச்சர் சிவப்பு நாடா கட்டின ஃபைலைப் பிரிச்சாங்க. ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதின கடிதம் அஞ்சு, தேதியோட, வாங்கினதுக்கு முத்திரையோட. அடியில ஒரு பழைய தாள். முன்னாடி வேலை பார்த்த பள்ளியில ஊர்க்காரங்க குடுத்த நன்கொடைக்கு ரசீது போடாம வேலை செஞ்சதுக்கு, கணக்குப் பார்க்க வந்தவங்க ஆட்சேபம் எழுதின தணிக்கைத் தடை. 11,400 ரூபாய், சொந்தச் சம்பளத்துல கட்டியிருக்காங்க. அதை அவங்களே வாசிச்சாங்க, விரல் ஒவ்வொரு வரி மேலயும் ஓடுச்சு. "இப்படி ஒரு தடை முடியாம நின்னா பென்ஷன் ஃபைல் நகராது. எனக்கு இன்னும் மூணு வருஷம்தான் சர்வீஸ்"னாங்க. கொத்தனாரைக் கூட்டிட்டு வந்த அண்ணன் தலையைக் குனிஞ்சவர் நிமிரவே இல்லை.

அதோட விடலை அவங்க. எங்களை எழுப்பிக் குழிக்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. வேப்பமர வேரை வெட்ட வேண்டாம்னு கொத்தனார் மூணு அடி வெளியே தள்ளித் தோண்டியிருந்தார். "அது வாய்க்கால் புறம்போக்கு. சுவர் கட்டினதுக்கப்புறம் நீர்வளத் துறை இடிச்சா உங்க 64,000 என்ன ஆவும்?"னு கேட்டாங்க. நியாயம்தானே. ஆனா இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்னு நானும் சொன்னேன். "அந்தச் சத்தத்துல சொல்ல வாய் வரலைம்மா"ன்னாங்க.

தஞ்சாவூர் பக்கம், பணி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்

அந்த டீச்சரின் பயம் எனக்குப் புரிகிறது. 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனபோது நான் பக்கத்து ஒன்றியத்தில் இருந்தேன். அன்றிலிருந்து எந்தக் கூரையைப் பார்த்தாலும், எந்தச் சுவரைப் பார்த்தாலும் "இது விழுந்தால் என்ன செய்வேன்" என்றுதான் மனசு கேட்டது. வெளியே இருப்பவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்திருக்கும்.

எனக்கு வந்த தகராறு நெல்லால் வந்தது. குறுவை அறுப்பு சமயத்தில் மழை பிடித்தால் எங்கள் ஊரில் காயப்போட இடம் இருக்காது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டை திரும்பி வரும். ஊரில் சிமெண்ட் தளம் போட்ட ஒரே இடம் பள்ளிப் பிரார்த்தனைத் திடல். கொட்டியவர்கள் எல்லோரும் பெற்றோர்கள், அதில் இரண்டு பேர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பொறுப்பில் இருந்தவர்கள். டிராக்டர் உள்ளே வருகிறது, பிள்ளைகள் தூசியில் இருமுகிறார்கள். கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். உடைத்தார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன்.

கொடுத்திருக்கக் கூடாது. மறுநாள் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர் வரவில்லை. சண்டை எனக்கும் அப்பன்களுக்கும், பாடம் போனது பிள்ளைகளுக்கு. மூன்றாம் நாள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். ஐந்து நாளாக மூட்டை மேலேயே படுத்திருந்தார் எங்கள் கழகத் தலைவர், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு. நெல்லை ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். முளை விட்டிருந்தது. அதற்கப்புறம் நான் என்ன விதி பேச?

அங்கேயே பேசி முடித்தோம். வெள்ளி மாலை மணி அடித்த பிறகு கொட்டலாம், திங்கள் காலை எட்டு மணிக்குள் கூட்டி அள்ளிவிட வேண்டும், டிராக்டர் கேட்டோடு நிற்கும். வேலை நாளில் ஒரு மணி கூடக் கிடையாது. நான் ஓய்வு பெறும் வரை ஒரே ஒரு திங்கள்கிழமைதான் தவறியது. அன்றைக்கு அவர்களே பெண்களோடு வந்து பிரார்த்தனைக்கு முன் கூட்டிக் கொடுத்தார்கள்.

வேதாரண்யம் பக்கம், ஒரு அப்பா

கஜா புயல் அப்போ, 2018 நவம்பர்ல, எங்க பள்ளிதான் ஊருக்கு முகாம். முகாம் முடிஞ்சும் சாவி எங்க இளைஞர்கள்கிட்டயே இருந்துச்சு, மிச்சப் போர்வை, அரிசி உள்ளே இருக்குன்னு. ஹெச்.எம். சார் மூணு வாட்டி கேட்டார், நாங்க குடுக்கலை. கடைசியில ரெண்டு பக்கமும் சேர்ந்து எண்ணி, நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அரை மணி நேர வேலை. அதுக்கு ஒன்றரை மாசம் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சோம்.

மன்னார்குடி பக்கம், மூணாவது படிக்கிற பிள்ளையோட அம்மா

அக்கா, சுவர் என்ன ஆச்சு? எங்க ஸ்கூல்லயும் இதே மாதிரி கழிப்பறைப் பிரச்சினை ஓடிட்டிருக்கு. தீர்மானத்துல என்ன எழுதினீங்கன்னு சொன்னா உதவியா இருக்கும்.

திருவாரூர் அம்மா, மறுபடி

சொல்றேன் தங்கச்சி. முதல் காரியமா, குழியை அன்னைக்கு ராத்திரியே நம்ம ஆளுங்களே மூடி, சவுக்குக் கம்பு நட்டுப் பச்சை வலை கட்டினாங்க. டீச்சர் டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

தீர்மானப் புத்தகத்துல எழுதினது இதுதான்: வசூலான பணம் முழுசும் குழுவோட வங்கிக் கணக்குக்கு வரும், தலைவரும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்கலாம். குடுத்தவங்க எல்லாருக்கும் ரசீது. சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகுதான் வேலை. ஒன்றிய அலுவலகத்துக்கு டீச்சரும் நானும் சேர்ந்தே போறது. இனிமே மேலே போற எந்தக் கடிதத்துக்கும் ஒரு நகலை மாசக் கூட்டத்துல வாசிக்கிறது. இந்தக் கடைசி வரிக்குத்தான் நான் அடம் பிடிச்சேன். உங்க தீர்மானத்துல வேற எது விட்டாலும் அதை விட்டுடாதீங்க.

பி.டி.ஏ., அதாவது பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தையும், எஸ்.எம்.சி., அதாவது பள்ளி மேலாண்மைக் குழுப் பணத்தையும் ஒரே நோட்டுல கலக்காதீங்க. ரெண்டும் வேற வேற அமைப்பு. பின்னாடி கணக்குக் கேட்டா டீச்சர்தான் மாட்டுவாங்க.

ஒன்றிய அலுவலகத்துல நாலு நடை நடந்தோம். பஸ்ஸுல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து போனப்போதான் டீச்சருக்குச் சர்க்கரை இருக்குன்னே எனக்குத் தெரியும். அனுமதி வர்றதுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. அந்த மாசம் முழுக்கக் காலையிலயும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலயும் ரெண்டு ரெண்டு அம்மாமார் முறை போட்டு வலைக்கிட்ட நின்னோம். சாதியை இழுத்து எழுதினவர் டீச்சர்கிட்ட நேர்ல வந்து மன்னிப்புக் கேட்கலை. அவர் சம்சாரம்தான் எங்க முறையில அதிக நாள் நின்னுச்சு.

ஆகஸ்ட்ல சுவர் முடிஞ்சுது, பழைய கோட்டுலயே, வேப்ப வேரைச் சுத்தி ஒரு வளைவு விட்டு. மீதி 2,150 ரூபாய் கணக்குல கிடக்கு. அதுல வெளிப்பக்கம் பூசலாம்னு நாங்களும், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடலாம்னு டீச்சரும் சொல்லிக்கிட்டு இருந்தோம். போன கூட்டத்துல தாழ்ப்பாள்தான்னு எழுதியாச்சு.