கம்பாக்‌ஷன் வந்ததும் துண்டாடல் ஒழிந்ததா?

பக்கம்4096:
"2010-இல் லினக்ஸ் 2.6.35-இல் கம்பாக்‌ஷன் வந்ததோடு நினைவகத் துண்டாடல் பழங்கதை" என்று நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். துண்டாடல் என்பது காலி இடம் சிறு துண்டுகளாகப் பிரிந்து கிடப்பது; கம்பாக்‌ஷன் என்பது பக்கங்களை நகர்த்தி அதை ஒன்றுசேர்ப்பது. 2 எம்.பி. தொகுதியில் தலா 4 கே.பி. கொண்ட 512 பக்கங்கள். 511-ஐ நகர்த்தலாம். மிச்சம் ஒன்றில் லினக்ஸின் மையமான கெர்னலின் பக்க அட்டவணை (எந்த முகவரி எந்தப் பக்கத்தில் என்ற பதிவேடு) சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தால்?

நடுநிசி:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். நகராப் பக்கங்களைத் தனித் தொகுதிகளில் அடைக்கும் ஏற்பாடு 2008-இல், 2.6.24-லேயே வந்துவிட்டது. உங்கள் ஒற்றைப் பக்கம் அங்கே எப்படிப் போனது?

பக்கம்4096:
நகராதவற்றுக்கான இடம் தீர்ந்தால் கெர்னல் வேறு வகைப் பக்கங்களின் தொகுதியில் கைவைக்கும். அப்படித்தான் போனது. நேற்று என் இயந்திரத்தில், காலித் துண்டுகளை அளவுவாரியாகக் காட்டும் பட்டிஇன்ஃபோவைத் திறந்தேன். 0-ஆம் வரிசையில், அதாவது ஒற்றைப் பக்கத் துண்டுகளாக, ஆயிரக்கணக்கான பக்கங்கள். 2 எம்.பி., 4 எம்.பி. துண்டுகளுக்கான 9-இலும் 10-இலும் பூஜ்யம். காலி இடம் ஏராளம், சேர்ந்தாற்போல் 2 எம்.பி. கிடையாது.

நடுநிசி:
கைவைக்கும்போதும் இருப்பதில் பெரிய துண்டாகப் பார்த்துத்தான் எடுக்கும். முடிந்தால் தொகுதியையே வகை மாற்றிக்கொள்ளும். பாதியை மறைக்காதீர்கள்.

நிலைவட்டு:
தொடர்ச்சியான பக்கங்களே எதற்கு? பிரிந்து கிடக்கும் பக்கங்களைச் சேர்த்துத் தர கெர்னலில் வி-மாலாக் இருக்கிறதே.

பக்கம்4096:
வி-மாலாக் தருவது மெய்நிகர் முகவரியில் தொடர்ச்சி, மெய்யான நினைவகத்தில் அல்ல. அதைக் கொண்டு பயனர் நிரலுக்கு ஒரு 2 எம்.பி. பெரும்பக்கம் எடுத்துத் தாருங்கள், மாலை போடுகிறேன்.

சொல்லாய்வி:
'துண்டாடல்' என்பதே தவறு. நாட்டைத் துண்டாடுவார்கள். நினைவகத்துக்குச் 'சிதறல்'தான்.

நிலைவட்டு:
சிதறுவது தேங்காய். துண்டாடலே இருக்கட்டும்.

நடுநிசி:
2020-இல் லினக்ஸ் 5.9 வந்தது. கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே ஒழுங்குபடுத்துகிறது. இதையும் ஏற்க மாட்டீர்களா?

பக்கம்4096:
அதிகாலையில் கதவைத் தட்டினால் மட்டும் நகராதவர் எழுந்து போய்விடுவாரா? பயனர் பக்கத்தை நகர்த்தினால் அட்டவணைப் பதிவைத் திருத்தினால் போதும். கெர்னலோ தன் பொருள்களை நேரடி முகவரியால் சுட்டுகிறது. எந்தெந்தச் சுட்டிகள் எங்கே கிடக்கின்றன என்று யார் தேடுவது? போன மாதம் "பக்கங்களை வட்டுக்கு மாற்றும் ஸ்வாப் எதற்கு" என்று முழங்கியவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்!

நடுநிசி:
ஸ்வாப்பை இங்கே இழுக்காதீர்கள். அன்றைக்கும் பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள்தான்.

சொல்லாய்வி:
என் கேள்விக்கும் பதில் வரவில்லை.

பக்கம்4096:
ஓடவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தை நகர்த்திக் காட்டுங்கள்.

நடுநிசி:
வகை மாற்றிக்கொள்ளும் என்று சொன்னேனே, படித்தீர்களா?

பக்கம்4096:
படித்தேன். பக்கம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.