"பிளேட் சின்னனாப் போச்சு" எண்டு வாறவை

பல்லு நிமிர்த்தப் போட்ட கம்பியைக் கழட்டிச் சில மாதத்தால வாறவை அநேகமாச் சொல்லுறது இதுதான்: "டொக்டர், பிளேட் சின்னனாப் போச்சு." பிளேட் எண்டது, நிமிர்த்தின பல்லு திரும்ப நகராமப் பிடிச்சு வைக்கிற, கழட்டிப் போடுற சாமான் (ரிட்டெய்னர்). பிளேட் தன்ரபாட்டில சுருங்காது, பல்லுத்தான் நகர்ந்திருக்கும். பல்லை எலும்போட பிடிச்சிருக்கிற நார்கள் புது இடத்துக்கு ஒத்துவர 3–4 மாதம் எடுக்கும். முரசு நார்களுக்கு 4–6 மாதம். அதிலயும் ரப்பர்போல இழுபடுற நார்களுக்கு ஒரு வருசமளவு. திரும்பி இருந்து நிமிர்த்தின கீழ் முன்பல்லுத்தான் முதல்ல பழைய இடத்தைத் தேடும்.

"இரவில போடுங்கோ" எண்டதைக் கனபேர் "ஞாபகம் வந்த இரவில" எண்டு எடுக்கினம். ஓ/எல் சோதினை முடியட்டும், நல்லூர்த் திருவிழா முடியட்டும் எண்டு தள்ளிப்போட்டு வந்தா, கீழ்ப் பிளேட் ஏறாது. பிறகு முன்பல்லு நெருங்கின பழி ஞானப்பல்லுக்கு! கம்பியே போடாத ஆக்களுக்கும் வயசுபோகப் போக கீழ் முன்பல்லு நெருங்கும்.

இறுக்கமா இருந்தாலும் முழுக்கப் பதிஞ்சால், சாப்பிடவும் பல்லு மினுக்கவும் மட்டும் கழட்டி, ஒரு கிழமை பகலிரவாப் போடுங்கோ, இளகும். பதியாட்டில் கடிச்சு ஏத்தாதேங்கோ, கொண்டு வாங்கோ.

—

பிளேட் செய்யிற லாப் பக்கத்தால நான் ஒண்டு சேர்க்கிறன். பிளேட் உண்மையிலயே நெளியிறதும் உண்டு, சுடுதண்ணியில கழுவினால். பல்லா பிளேட்டா எண்டு பார்க்கிற வழி, அளவெடுத்து வார்த்த சாந்து மொடல். அதில வடிவா இருந்து வாயில இராட்டில் பல்லு நகர்ந்திட்டுது. மொடலிலயும் ஆடினால் பிளேட் பிழைச்சிட்டுது. மொடலைக் கேட்டு வாங்கி வைச்சிருங்கோ.

கம்பி வைச்ச பிளேட்டை முன்கம்பியில பிடிச்சு இழுக்கிறதுதான் பெரிய வியாதி. 0.7 மில்லிமீற்றர் கம்பி அது, விரிஞ்சால் முன்பல்லைத் தொடாது. கடைவாய்க் கொழுவியில ரெண்டு பக்கமும் நகம் குடுத்துக் கழட்டோணும். கம்பியில்லாத, கண்ணாடிபோலத் தெளிஞ்ச பிளேட்டை ஒரு பக்கத்தால மட்டும் உரிச்சால் வெடிக்கும். பற்பசை போட்டுத் தேய்ச்சால் கீறல் விழுந்து மணக்கும். பச்சைத்தண்ணி, கை கழுவுற சோப், மெல்லிய பிரஷ் காணும். போட்டபடி தேத்தண்ணி, சோடா வேண்டாம்: இனிப்பும் அமிலமும் உள்ளுக்க தேங்கிப் பல்லை அரிக்கும். சாப்பிடேக்க டிஷ்யூவில சுத்தி வைச்சால் குப்பைக்குத்தான் போகும்.

—

நீங்கள் ரெண்டுபேரும், பல்லு நகராமல் இருக்க முன்பல்லுக்குப் பின்னால நிரந்தரமா ஒட்டின கம்பியை மறந்திட்டியள். அதைப் போட்டவை கவலையே இல்லையெண்டு நினைக்கினம். ஒரு பல்லில ஒட்டு விட்டால் நோகாது, கம்பியும் விழாது. அந்தப் பல்லு மட்டும் மெதுவா வரிசையை விட்டு வெளியால போகும். கம்பிக்குக் கீழ ஊத்தை கட்டுறதால சின்ன இடைப்பல் பிரஷ் கட்டாயம். கம்பியை நாக்கு நுனியால அடிக்கடி தடவிப் பாருங்கோ. எங்கயாவது ஆடினால் அந்தக் கிழமையே போய் ஒட்டுவியுங்கோ.