சீகைத் தோப்பை வெட்டினால் ஊற்று திரும்புமா?

கோத்தகிரி விவசாயி:
வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலையும், கேரட், பீட்ரூட் போடும் நிலமும் இருக்கிறது. மேட்டில் ஒரு சீகைத் தோப்பு (வாட்டில் மரம், சீயக்காய் இல்லை), அதுவும் எங்கள் பட்டாதான். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது அந்த மேடு முழுக்கப் புல்வெளியாம். அதன் அடியில் உள்ள ஊற்று கோடையிலும் நிற்காது என்பார். இப்போது மாசி பிறந்தாலே வற்றிவிடுகிறது. சீகையை மொத்தமாக வெட்டிவிட்டால் தண்ணீர் திரும்புமா? பக்கத்துத் தோட்டத்துக்காரர், மரம் இருந்தால்தான் தண்ணீர் இருக்கும், கை வைக்காதே என்கிறார்.

புல்நாற்று:
அண்ணா, மேல் நீலகிரியில் புல்வெளி மீட்கும் வேலையில் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் அப்பா சொல்வதை நான் நம்புகிறேன்.

நம் மலைப் புல் பனிக்காலத்தில் காய்ந்து படுத்துவிடும். மழையில் மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரை அந்த மாதங்களில் அது அதிகம் எடுக்காது. அந்த மிச்சம்தான் கோடையில் ஊற்றாக வருகிறது. சீகைக்கு அப்படி ஓய்வே கிடையாது. வருஷம் முழுக்கப் பச்சையாக நின்று, ஆழத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) இப்படித்தான். நம் நீலகிரியிலேயே கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, இன்னொன்றில் பாதிக்கும் மேல் 1972-இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து வருஷத்தில் மரம் நட்ட பக்கம் நீர்வரத்து சுமார் 16% குறைந்தது. மரம் என்றாலே தண்ணீர் என்பது சோலைக்கு, அதாவது மலையில் இயற்கையாக வளர்ந்த காட்டுக்குப் பொருந்தும், புல்மேட்டில் கொண்டுவந்து நட்ட மரத்துக்குப் பொருந்தாது.

ஆனால் வெட்டினால் மட்டும் போதாது, இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெளிச்சம் பட்டாலோ தீ பட்டாலோ கும்பலாக முளைத்து வரும். வெள்ளிச் சீகையாக இருந்தால் வேரிலிருந்தே துளிர்க்கும். போதாததற்கு, சீகை வேர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து வைத்திருக்கும். அந்தச் சத்தில் களைகள் முந்திக்கொள்ளும், நம் புல்லால் போட்டி போட முடியாது. வெட்டிய இடத்தில் புல்லைத் தூர் தூராக நடவேண்டும், சில வருஷமாவது சீகைக் கன்றைப் பிடுங்கிக்கொண்டே இருக்கவேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லையென்றால் வெட்டவே வேண்டாம்.

தாவரவியல் ஆசிரியை:
மேலே சொன்னதோடு ஒன்று. ஒரே வகைப் புல்லை நட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் சீடர் கிரீக்கில் டேவிட் டில்மன் குழு 1994-இல் 168 பாத்திகள் போட்டது, ஒவ்வொன்றும் 9 மீட்டருக்கு 9 மீட்டர். சிலவற்றில் ஒரே செடி, சிலவற்றில் 16 வகை வரை. வருஷம் போகப் போக, பல வகை கலந்த பாத்திகள்தான் கூடுதலாக வளர்ந்தன. அதற்கு முன்பு 1980-களின் கடைசியில் வந்த வறட்சியிலும், வகை அதிகமிருந்த புல்வெளிதான் குறைவாக அடிபட்டு, சீக்கிரம் தேறியது. ஒன்றின் வேர் மேலே, இன்னொன்றின் வேர் ஆழத்தில். ஒன்று மழைக்கு முந்தி வளரும், இன்னொன்று பிந்தி. ஒன்று சோர்ந்தால் இன்னொன்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழை தாறுமாறாகிவிட்ட இந்தக் காலத்தில் இது ரொம்ப முக்கியம்.

குன்னூர்வாசி:
சரிவு எவ்வளவு செங்குத்து? 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண் சரிந்ததைப் பார்த்தவன் நான். மழைக்கு முன்னால் மேட்டை மொட்டையடித்து விடாதீர்கள், தயவுசெய்து. அப்புறம், பட்டா நிலமாக இருந்தாலும் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி (1955) மாவட்டக் குழுவிடம் அனுமதி வாங்கவேண்டும்.

கோத்தகிரி விவசாயி:
எல்லோருக்கும் நன்றி. சரிவு மேலே மிதமானது, ஓடைப்பக்கம் செங்குத்து. அங்கே ஒரு துண்டு பழைய சோலை இருக்கிறது. அதை ஒட்டிய சீகைக்கு அடியில் நாவல் மாதிரி சில கன்றுகள் தானாக வந்திருக்கின்றன.

புல்நாற்று:
அந்த ஓடைப்பக்கத்தைத் தொடாதீர்கள் அண்ணா! சோலைக் கன்று திறந்த வெளியில் உறைபனி பட்டால் கருகிவிடும். சீகை நிழல் இப்போது அதைக் காப்பாற்றுகிறது. பறவைகள் விதை கொண்டுவந்து போட்டு உங்களுக்காகச் சோலையை வளர்க்கின்றன. கன்றுகள் உயர உயர, மேலே மறைக்கும் சீகையை ஒன்றிரண்டாக எடுத்தால் போதும்.

மேல் மேட்டில் மட்டும், அனுமதி வந்தபின், பட்டை பட்டையாகச் சரிவுக்குக் குறுக்கே வெட்டுங்கள். ஒரு பட்டையில் புல் பிடித்தபின் அடுத்தது. புல்தூரை மழை தொடங்கியதும் நடுங்கள், பனிக்கு முன் வேர் இறங்கிவிடும். பக்கத்தில் ரோட்டோரம், பாறையோரம் பழைய புல் மிஞ்சியிருக்கும். தூர் அங்கேயே கிடைக்கும், ஆனால் ஒரே இடத்தில் தோண்டி அதையும் காலி பண்ணிவிடக் கூடாது. ஊற்று ஒரே வருஷத்தில் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். இப்போதிலிருந்தே மாதம் ஒருமுறை, ஒரு குடம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று எழுதி வையுங்கள். வெட்டுவதற்கு முந்தைய கணக்கு கையில் இருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.