எல்டபிள்யூபி யூசர்ஏஜென்ட்: வாரிசாக எடுப்பதா, உள்ளே வைப்பதா?

புதுவரவு: கடைகளின் இணையப் பக்கங்களிலிருந்து விலை எடுக்க பெர்ல் நிரல்மொழியில் ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்டுகளுக்கான வார்ப்பு) எழுதுகிறேன். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எல்டபிள்யூபி::யூசர்ஏஜென்ட் கிளாஸை 'யூஸ் பேரன்ட்' போட்டு வாரிசாக எடுக்கவா, இல்லை உள்ளே ஒரு ஆப்ஜெக்டாக வைத்துக்கொள்ளவா?

கூட்டுப்புழு: உள்ளே வையுங்கள். உங்கள் கிளாஸுக்கு யூசர்ஏஜென்ட் தேவை, அவ்வளவுதான். அதுவே யூசர்ஏஜென்ட் ஆகிவிடாது.

ஒட்டகம்: தளங்களில் தானாக உலாவ உதவும் டபிள்யூடபிள்யூடபிள்யூ::மெக்கனைஸ் யூசர்ஏஜென்ட்டின் வாரிசுதானே? யூசர்ஏஜென்ட் கேட்கும் மாட்யூலுக்கு அதை அப்படியே கொடுக்கலாம். உள்ளே ஒளித்து வைத்தால் கெட், போஸ்ட், குக்கி_ஜார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் செயல்) எழுதிக்கொண்டிருக்க வேண்டும். சோம்பேறித்தனத்தையே நற்குணமாகக் கொண்டாடும் பெர்ல் ஊரில் இது எதற்கு?

கூட்டுப்புழு: பெர்லில் பெரும்பாலும் ப்ளெஸ் செய்வது, அதாவது ஆப்ஜெக்டாக ஆக்குவது, ஒரு சாதாரண ஹாஷை (கீ, அதற்கொரு மதிப்பு என்று சேர்த்து வைக்கும் தொகுப்பு). பேரன்ட்டுக்கும் வாரிசுக்கும் ஒரே ஹாஷ்தான். சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரமாக யூசர்ஏஜென்ட் அதில் 'டைம்அவுட்' என்ற கீயில் 180 நொடி வைத்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே 2 நொடி காத்திருக்க நினைத்து, புதுவரவு அதே கீயில் 2 என்று எழுதினால்? தவறுகளைச் சுட்டும் ஸ்ட்ரிக்ட், வார்னிங்ஸ் இரண்டும் வாயே திறக்காது. மெதுவான சர்வர்கள் மட்டும் அவ்வப்போது கைவிடும். தேடிக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

ஒட்டகம்: கீக்கு முன்னால் கிளாஸ் பெயரைச் சேர்த்தால் தீர்ந்தது. நீங்கள் ஆட்டோலோட் (இல்லாத மெத்தட்டை அழைத்தால் ஓடுவது) வைத்து எல்லாவற்றையும் உள்ளே தள்ளினால், ஒரு மெத்தட் உண்டா என்று 'கேன்' மூலம் கேட்கும்போது அந்த மெத்தட் இல்லை என்றுதான் பதில் வரும். அதையும் நீங்களே திருத்த வேண்டும். அப்புறம், வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதை ஏற்கலாமா என்று முடிவு செய்யும் ரீடைரக்ட்_ஓகே மெத்தட்டை வாரிசு கிளாஸில் மாற்றி எழுதலாம் என்று மாட்யூலின் ஆவணமே சொல்கிறது.

கூட்டுப்புழு: ஆட்டோலோட் எதற்கு? கிளாஸ் எழுத உதவும் மூஸ் மாட்யூலில், மெத்தட்களை உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுக்கு அனுப்ப 'ஹேண்டில்ஸ்' ஒரு வரி. எல்டபிள்யூபி பயன்படுத்தும் எச்டிடிபி::மெசேஜைப் பாருங்கள், அதில் இரண்டு வழியும் உண்டு. ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் இரண்டும் அதன் வாரிசுகள். ஆனால் ஹெடர்ஸ் அதற்குள் தனி ஆப்ஜெக்ட்.

அரைவேக்காடு: 2023இல் வந்த பெர்ல் 5.38இன் புது 'கிளாஸ்' வசதியில் ஃபீல்ட் (ஆப்ஜெக்ட் தன் தரவை வைக்கும் இடம்) வாரிசுக்குத் தெரியாது, அதனால் கீ மோதல் இல்லை. ஆனால் அதே முறையில் எழுதிய கிளாஸைத்தான் பேரன்ட்டாக ஏற்கும். யூசர்ஏஜென்ட் பழைய ப்ளெஸ் முறை, எனவே அந்த வசதியில் எழுதினால் உள்ளே வைப்பது ஒன்றே வழி.

ஒட்டகம்: சோதனைக் கட்டத்தில் வந்ததைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள்.

புதுவரவு: ஒரு கடை வேறு டொமைனுக்கு ரீடைரக்ட் செய்கிறது. அதைத் தடுக்க வேண்டும்.

கூட்டுப்புழு: சரி, ரீடைரக்ட்_ஓகே மட்டும் மாற்றிய குட்டி யூசர்ஏஜென்ட் ஒன்று எழுதி, அந்த ஆப்ஜெக்டை விலை கிளாஸின் நியூவுக்கு (ஆப்ஜெக்டை உருவாக்கும் மெத்தட்) கொடுங்கள். டெஸ்டில் நெட் இல்லாமல் போலி ஏஜென்ட்டையும் அதே வழியில் நுழைக்கலாம்.

ஒட்டகம்: ஆக, வாரிசு கிளாஸ் ஒன்று எழுதத்தான் வேண்டியிருக்கிறது. அதைத்தானே நானும் சொன்னேன்!