‘ஃப்ளைட் லைன்’: பறப்புக்கோடா, வரப்பா?

திருவாரூரிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். மாதிரி விமானக் கூடலுக்கான கையேட்டில் ‘ஃப்ளைட் லைன்’ என்பதைப் ‘பறப்புக்கோடு’ என்று எழுதியிருக்கிறோம். சொல்லில் பிழையில்லை, களத்தில்தான் உதவவில்லை. விமானம் வானில் போகும் தடம் என்றே புதிதாக வருபவர் எண்ணிக்கொள்கிறார். நாம் சொல்ல வந்ததோ தரையில் உள்ள எல்லை: அப்பால் விமானம், இப்பால் ஆள். ‘வரப்பு’ என்றே வைத்தால் என்ன? டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் விளக்க வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து:

> ‘வரப்பு’ என்றே வைத்தால் என்ன?

வரப்பு நடக்கிற இடம் ஐயா. வயலுக்குப் போகிறவர் அதன்மேல்தான் போவார். தவிர, நாம் பறக்கவிடுவதே அறுத்த வயலில். அங்கே நிஜ வரப்பு நாலு கிடக்கும். ‘வரப்பைத் தாண்டாதீங்க’ என்று மைக்கில் சொன்னால் எதைத் தாண்டக்கூடாது? ‘எல்லைக்கோடு’ போதாதா? கிரிக்கெட்டில் பழகிய சொல்.

மன்னார்குடியிலிருந்து:

கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் கைதட்டுவார்கள். அதனாலேயே வேண்டாம்.

சொல்லுக்கு முன் பொருளைப் பிரிப்போம். களத்தில் கோடு மூன்று. ஓடுபாதையின் இந்தப் பக்கத்து ஓரம் முதலாவது. விமானம் அதற்கு இப்பால் வரவே கூடாது. அங்கிருந்து 8 மீட்டராவது பின்னால், ரிமோட்டோடு நிற்பவர்களின் கோடு. அதற்கும் 20 மீட்டர் பின்னால் பார்வையாளர் கயிறு. வண்டிகள், லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சார்ஜ் போடும் மேசை, குழந்தைகள் எல்லாம் கயிற்றுக்குப் பின்னே. இந்த மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம்.

சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவதால், அதை எடுத்த பிறகு பங்குனி, சித்திரையில்தான் வயல் காலி. அப்போது களிமண் வெடித்திருக்கும். 5 செ.மீ. சக்கரம் வெடிப்பில் இறங்கினால் விமானம் மூக்குக் குத்தும், ப்ரொப்பெல்லர் உடையும். வெடிப்பில் மண்கட்டியை உடைத்துப் போட்டுத் தட்டி, மேலே பழைய ஃப்ளெக்ஸ் பேனரை 30 மீட்டருக்கு விரித்தால் ஓடுபாதை. ஓரமெல்லாம் மண் மூட்டை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று தூக்கிவிடும்.

மாலைக் கடல்காற்று கிழக்கிலிருந்து வருவதால் பாதை கிழக்கு மேற்காக இருக்கட்டும். ஆட்கள் தெற்கே நின்று வடக்கே பார்த்தால், காலை வெயில் வலத்தே, மாலை வெயில் இடத்தே. கண்ணுக்கு நேரே வராது. இன்னொன்றும் உண்டு. ப்ரொப்பெல்லர் சுழற்சியால் விமானம் புறப்படும்போது பெரும்பாலும் இடப்பக்கம் இழுக்கும். காற்றை எதிர்த்துக் கிழக்கே புறப்பட்டால் இழுவை வடக்கே, ஆளை விட்டு விலகி. காற்று மேற்கிலிருந்து வந்தால் மேற்கே புறப்பட வேண்டும், அதே இழுவை ஆள் மேலேயே வரும். அன்றைக்கு 8 மீட்டர் போதாது. ஆட்களை வடபுறம் மாற்றுங்கள், வெயில் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை.

என் முன்மொழிவு: முதற்கோடு ‘பறப்பெல்லை’, இரண்டாவது ‘நிற்கோடு’. மூன்றாவது கயிறுதான், கயிறு என்றே இருக்கட்டும்.

கும்பகோணத்திலிருந்து:

‘பறப்பெல்லை’ சரி. பறப்புக்கு எல்லை என்று தானே பொருள் சொல்லிவிடுகிறது. ஆனால் அவசரத்தில் கத்த வராது. விமானம் இப்பக்கம் திரும்பினால் “கோடு! கோடு!” என்றுதான் வாயில் வரும். எழுதும் சொல்லும் கூவும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டுமா?

மன்னார்குடியிலிருந்து:

வேண்டாம். கூவலுக்கு “கோடு!”, “இறங்குது!”, “நின்னுபோச்சு!” (மோட்டார்), “களத்துல ஆள்!” இந்த நான்கு போதும். ஒருவர் கூவுவது மற்றவர் காதில் விழத்தான் எல்லோரும் நிற்கோட்டில் பக்கம் பக்கமாக நிற்கிறோம். ஒரே நேரத்தில் பறக்கவிடுபவர் நால்வருக்கு மேல் வேண்டாம்.

நிற்கோட்டைக் கயிறாகக் கட்டாதீர்கள். அண்ணாந்து பார்த்தபடி பின்னால் கால் வைப்பவர் தடுக்கி விழுவார். வெறும் சுண்ணாம்புத் தூளும் அறுத்த நெல்தாளுக்கிடையே மறைந்துவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் அகலம் தாளைச் செதுக்கிவிட்டு, அந்த வெறும் மண்ணில் தூவினால் தெரியும்.

திருவாரூரிலிருந்து:

பறப்பெல்லை, நிற்கோடு இரண்டையும் ஏற்றிவிடுகிறேன். களப்படத்தில் வடக்கு அம்புக்குறியும் போடுகிறேன். தஞ்சையில் விமானப்படைத் தளம் இருப்பதால், இடம் பேசுமுன் டிஜிட்டல் ஸ்கை (ட்ரோன்களுக்கான அரசு இணையதளம்) வரைபடத்தில், அங்கே பறக்கவிடலாமா என்று காட்டும் மண்டல நிறம் பார்க்கும்படி ஒரு வரியும் சேர்க்கிறேன். அடுத்தது ‘ஸ்பாட்டர்’, பறக்கவிடுபவர் பக்கத்தில் நின்று வானத்தையும் களத்தையும் பார்த்துச் சொல்பவர். ‘நோட்டக்காரர்’ என்றால் திருட வந்தவர் போலிருக்கிறது. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.