பெல்பாட்டத்தின் கையில் பால் வாளி

சிப்புட் தையல்கடை:

பழைய உடுப்பு போட்டதால் கேமராவில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? என் கதையை முதலில் சொல்கிறேன்.

எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். அப்பா டவுனில் தையல்கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது வீட்டுக்கு வந்த அலமாரியில் ஒரு பெல்பாட்டம் கிடந்தது. காப்பிக்கொட்டை நிறம், டெட்ரான் துணி, அடியில் 24 இஞ்சு. 1974 தீபாவளிக்கு அப்பா தனக்கென்று தைத்துக்கொண்டது. என் இடுப்புக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை பசியாறப் போகும்போது அதைத்தான் போடுவேன்.

அப்படிப் போன ஒரு நாள், தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி நிகழ்ச்சி எடுக்க வந்த ஒரு குழுவின் கண்ணில் பட்டுவிட்டேன். "அண்ணே, இதே உடுப்போடு தோட்டத்துக்கு வர முடியுமா?" என்று கேட்டார்கள். ஆசையாகத்தான் போனேன். அங்கே போனதும் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், எங்கே என்று தேடினார்கள். கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. சரி, பரவாயில்லை என்று செம்பனை அடியிலேயே நிறுத்தி, எங்கிருந்தோ ஒரு ரப்பர்ப் பால் வாளியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். "கொஞ்சம் சோகமா பாருங்கண்ணே."

நிகழ்ச்சியில் நான் வந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. பின்னால் புல்லாங்குழல், அதற்கு மேல் வறுமையைப் பற்றி ஒரு கனத்த குரல். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

வறுமை என்று சொன்னதுகூடப் பெரிதில்லை. பால் வெட்டப் போனவர்கள் என்ன உடுத்தினார்கள் என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை, அதுதான் உறுத்தியது. என் அத்தை பால்மரம் வெட்டியவர். முழுக்கைச் சட்டை, கைலிக்குள் ஒரு சிலுவார் (கால்சட்டை), தலையில் துண்டு. எல்லாம் கொசுவுக்காக. பால் துணியில் பட்டுக் காய்ந்தால் ரப்பராகவே ஒட்டிக்கொள்ளும், போகப்போகக் கறுக்கும், எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. அத்தை சட்டையைக் கொடியில் போட்டால் காற்றில் ஆடாது, நெஞ்சுப் பக்கம் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். அதை யாரும் அலமாரியில் எடுத்து வைக்கவில்லை. கிழிந்ததும் அடுப்பு பற்றவைக்கப் போனது. ரப்பர் ஒட்டிய துணியல்லவா, நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

பெல்பாட்டம் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஸ்டூடியோவில் போய்ப் படம் பிடித்துக்கொள்ளவும் தைத்தது. வாளியை இறக்கி வைத்துவிட்டு டவுனுக்கு வருவதற்கான சிலுவார். அதன் கையில் போய் வாளியைக் கொடுத்தால்?

நைலெக்ஸ் அக்கா:

தம்பி, உங்களுக்காவது வாளி. எங்கம்மா சேலைக்குக் கிடைத்தது திருவோடு.

நாடகம் எடுக்கிறோம், பழைய காலத்துச் சேலை வேண்டும் என்று தெரிந்தவர் மூலமாகக் கேட்டார்கள். அம்மாவின் நைலெக்ஸ் சேலையைக் கொடுத்தேன். வெளிர்பச்சையில் பெரிய ரோஜாப் பூ. அம்மா அதைப் பாச்சை உருண்டை போட்டு, தலையணை உறைக்குள் மடித்து வைத்திருந்தவர். கல்யாணமான புதிதில் அப்பா வாங்கிக் கொடுத்தது. பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்களாம்.

நாடகம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். கதாநாயகியின் தாய்க்குத்தான் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரிக்குக் கட்டியிருந்தார்கள். முகத்தில் கரி, சேலையில் மண். அம்மா, "அடியே, என் சேலைடி அது" என்று சொல்லிவிட்டு எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது முந்தானையில் ஊதுபத்தி பட்டு நாலு ஓட்டை. நைலெக்ஸ் லேசில் கிழியாது, நெருப்பு பட்டால் உருகிவிடும். ஓட்டையின் ஓரமெல்லாம் கடுகு கடுகாய் உறைந்திருந்தது.

நம்மூர் நாடகத்தில் பழைய சேலை கட்டினால் அழுகிற தாய், இல்லாவிட்டால் பேய். இப்போது பிச்சைக்காரியும் சேர்ந்துவிட்டாள். அதே சேலையைக் கோலாலம்பூர்ப் பெண் ஒருத்தி குட்டை முடியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கட்டினால் "ரெட்ரோ ராணி" என்று கலர்ப் பக்கம் போடுவார்கள்.

பழைய லாரிக்காரன்:

பிள்ளைகளா, இது இன்று நேற்றுக் கதையில்லை. 1970களில் நான் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டினேன். கீழே பெல்பாட்டம், மேலே ஆரஞ்சுச் சட்டை. அங்கே அரசாங்க அலுவலகங்களில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள்: நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம். நெற்றியில் எதுவரை, காதில் எதுவரை, காலரில் எதுவரை என்று படம் வேறு. 1972-இல் லெட் செப்பலின் என்ற உலகப் புகழ் பெற்ற குழுவே முடிக்காக அங்கே பாட முடியாமல் போனது. என் முடி காலரைத் தொடவில்லை, தப்பித்தேன்.

இங்கே மட்டும் என்ன? 1992-இல் நீள முடிப் பாடகர்களுக்கு அரசாங்க டிவியான ஆர்டிஎம்மில் இடமில்லை என்றார் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட். சர்ச், விங்ஸ் என்ற பேர்பெற்ற ராக் குழுக்காரர்களே முடியை வெட்டிக்கொண்டார்கள். இப்போது என் பேரன் அதே முடி, அதே சிலுவார். கேட்டால், விளம்பரத்துக்குக் காசு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள் தாத்தா என்கிறான்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலம் என்றாலே டிவியில் ஏன் எல்லாவற்றையும் பழுப்பாகக் காட்டுகிறார்கள்? நம் நாட்டில் டிவி கலரானது 1978 டிசம்பரில்தான். அதுவரை என் ஆரஞ்சுச் சட்டையெல்லாம் டிவியில் வந்திருந்தாலும் சாம்பலாகத்தான் தெரிந்திருக்கும். படப்பெட்டிக்குத்தான் கலர் இல்லை, எங்களுக்கு இருந்தது. திருவிழாவில் நாலு பேர் சேர்ந்து நின்றால் கண் கூசும்.

பண்டல் தம்பி:

நான் வீட்டு அலமாரி கோஷ்டி இல்லை, பண்டல் கடை கோஷ்டி. ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய உடுப்பு. மூட்டை பிரிக்கிற அன்று காலையிலேயே போய் நின்றுவிட வேண்டும். டி-சட்டையின் கை ஓரத்தில் ஒற்றைத் தையல் ஓடினால் பெரும்பாலும் 1990களின் நடுவுக்கு முந்தியது. அண்ணாவின் அப்பா பார்த்தால் இதையெல்லாம் தையல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

அங்கே 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பேஸ்பால் சட்டை எடுத்தேன். நெஞ்சில் ஜப்பானிய எழுத்து, முதுகில் 08. கழுத்துப் பட்டியின் உள்பக்கம் யாரோ ஒரு பையனின் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தது, அம்மா எழுதிக் கொடுத்த மாதிரி.

எனக்கு எண் உறைக்கவே இல்லை. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டதே, அதில் 04, 36-உடன் இந்த 08-உம் இருந்தது. ஒரு சாலைத் தடுப்பில் நிறுத்தி முதுகைத் திருப்பச் சொன்னார்கள். "பாஜு ஜெப்புன், துவான்" (ஜப்பான் சட்டை, ஐயா) என்று நெஞ்சைக் காட்டினேன். அந்த அதிகாரி பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில். கோயில் ஊர்வலத்தில் யாரோ எடுத்த படம், சில மாதம் கழித்துக் குண்டர் கும்பல் செய்தி ஒன்றின் மேலே இருந்தது. தலையை வெட்டிவிட்டு என் முதுகை மட்டும் போட்டிருந்தார்கள். திருப்பியிருந்தால் ஜப்பானிய எழுத்து தெரிந்திருக்கும், செய்தி நின்றிருக்காது. எழுதிக் கேட்டேன். "மாதிரிப் படம்" என்று பதில் வந்தது. எதற்கு மாதிரி என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

உடைப்பெட்டி:

நைலெக்ஸ் அக்கா, அந்த நாடகத்தில் நான் இல்லை. ஆனால் நாடகங்களுக்கு உடுப்பு பார்க்கிற வேலைதான் எனக்கும், அதனால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு எழுதுகிறேன்.

ஓர் ஆள் வாயைத் திறப்பதற்குள் இவன் யார் என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பார் இயக்குநர். அதற்கு எங்கள் கையில் இருப்பது துணி ஒன்றுதான். பழைய துணியைக் கசக்கினால் ஏழை, இறுக்கிப் போட்டால் ரவுடி, பெரிய கண்ணாடி சேர்த்தால் கோமாளி. படப்பிடிப்புக்கு முந்தின இரவு பதினைந்து பேருக்கு உடுப்பு தேடுகிறவனுக்கு இந்த மூன்று டப்பா போதும். சரி என்று சொல்லவில்லை, நடப்பது இதுதான்.

இன்னொன்று. நமக்கு வந்து சேருவதே டெட்ரானும் நைலெக்ஸும்தான். பருத்தி இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். தையல்கடை அண்ணன் சொன்ன அத்தை சட்டை அடுப்புக்குப் போய்விட்டது. வேலைக்குப் போட்டது அழிந்து, விசேஷத்துக்குப் போட்டது மட்டும் மிஞ்சியதால், கைக்குக் கிடைத்த விசேஷ உடுப்பை வேலைக்காரருக்கு மாட்டிவிடுகிறோம். இத்தனை வருஷத்தில் இதை நான் யோசித்ததே இல்லை.

சிப்புட் தையல்கடை:

உடைப்பெட்டி, உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அக்கா, ஓட்டை விழுந்த முந்தானையை எடுத்து வாருங்கள். அந்தப் பூவை வெட்டி மேலே ஒட்டுப்போட்டால் தெரியாது என்கிறார் அப்பா.

மீதிக் கதையும் இருக்கிறது. அதே குழு தீபாவளி நிகழ்ச்சிக்கு மறுபடியும் கூப்பிட்டது. இந்த முறை வாளி கிடையாது, தைத்தவரிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டு வீட்டுக்கே வந்தார்கள். சட்டை மேல் மைக் குத்தி, விளக்கு போட்டு அப்பாவை உட்காரவைத்தார்கள். அறிவிப்பாளர் தம்பி எழுந்து நின்று, "ஐயா, அந்தக் காலத்து நாகரிகம் பற்றி..." என்று ஆரம்பித்தார்.

அப்பா கேமராவைப் பார்க்கவே இல்லை. அந்தத் தம்பியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இடது பக்கம் அரை இஞ்சு இறங்கியிருக்கு. எங்க தச்சீங்க? கழட்டிக் கொடுங்க, பத்து நிமிஷம்."

அந்தத் தம்பி என் கைலியைக் கட்டிக்கொண்டு, அம்மா போட்ட கோப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா மெஷினை மிதித்தார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒளிபரப்பில் அந்தப் பகுதி வரவில்லை.