மறு: பெக்கோவின் பின்பக்கச் சுழற்சிக்கு ஒரு சொல்

வணக்கம். பெக்கோ (மண் வெட்டி அள்ளும் இயந்திரம்) பழகுவோருக்கான கையேட்டு வரைவில் 'டெயில் ஸ்விங்' என்பதற்கு 'வால் ஊசல்' என்று போட்டிருக்கிறோம். மேற்பாகம் சுழலும்போது எதிர்நிறை (பின்னால் உள்ள சமநிலைப் பாரம்) சங்கிலிக்கு, அதாவது இயந்திரம் ஊரும் பட்டைக்கு, வெளியே வந்து போவதைத்தான் சொல்ல வேண்டும். ஊசல் போய்த் திரும்புவது. பெக்கோ 360 பாகையும் சுற்றும். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

> 'வால் ஊசல்'

வாலும் வேண்டாம், தங்கச்சி. வால் என்றால் இலேசான ஒன்றாகத்தான் மனம் எடுக்கும். 20 தொன் இயந்திரத்தின் பின்னால் இருப்பதோ ஏறத்தாழ 4 தொன் பாரம்.

அளவைப் பாருங்கள். இந்த வகையில் சுழல்மையத்திலிருந்து பின்விளிம்புக்கு ஏறத்தாழ 2.75 மீற்றர். இரு சங்கிலிகளின் வெளி அகலம் 2.8, அதில் பாதி 1.4. முன்னோக்கி நிற்கும்போது சங்கிலியைத் தாண்டிப் பின்னால் இரண்டடிதான் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் திரும்பினால் 1.35 மீற்றர், அதாவது நாலரை அடி வெளியே வந்துவிடும். ஒழுங்கையில் மதிலோரம் வேலை நடந்தால் உதவியாள் நிற்பது அந்த நாலரை அடிக்குள்தான். 'பின்வீச்சு' என்று வைக்கலாம். கத்தி வீச்சு மாதிரி, வேகமும் வளைவும் சொல்லிலேயே இருக்கிறது.

> 'பின்வீச்சு'

ஒரு சிக்கல். பக்கற் (மண் அள்ளும் வாளி) போய்த் தொடும் தூரத்தையும் வரைவின் 2ஆம் பகுதியில் 'வீச்சு' என்றே எழுதியிருக்கிறோம். பழகுபவர் இரண்டையும் குழப்புவார். 'புறச்சுற்று' எப்படி?

> 'புறச்சுற்று'

அது கோயில் வீதி சுற்றுவது போலக் கேட்கிறது, தங்கச்சி. முன்னுக்குள்ளதை 'எட்டம்' என்று மாற்றுங்கள். 'எட்ட நில்' என்று நாங்கள் சொல்கிற அதே சொல். வீச்சு பின்னுக்கு மட்டும் இருக்கட்டும். கூட்டுச்சொல்லும் சுகமாக வரும்: பின்வீச்சு ஆரை (தமிழகத்தார் ஆரம் என்பார்கள்), பின்வீச்சில்லாப் பெக்கோ (சுழலும்போது பின்பக்கம் சங்கிலிக்கு வெளியே வராத வகை). இந்த இரண்டாவதற்கு மட்டும் ஓர் அடிக்குறிப்பு போடுங்கள். சங்கிலியை உள்ளே இழுக்கக்கூடிய சிறிய வகைகளில், இழுத்துவைத்தால் பின்பக்கம் வெளியே தள்ளும். பெயரை நம்பி ஆள் கிட்டப் போகக்கூடாது.

இன்னொன்று. விளக்கத்தில் 'பின்னால் பார்த்துச் சுழற்றவும்' என்பது போதாது. சாரதி இருப்பது இடப்பக்கம். வலப்பக்கத்தைத் தூக்குகை (பக்கற்றைத் தாங்கும் நீண்ட கை) மறைக்கும். இடப்பக்கம் சுழற்றும்போது பக்கற் கண்ணுக்கு முன்னால் போகும், எல்லாம் தெரிகிறது என்ற எண்ணம் வரும். அந்த நேரத்தில்தான் பின்வீச்சு வலப்பக்கம் வருகிறது, பக்கக் கண்ணாடியில்லாமல் தெரியாத பக்கம். புதியவர் தவறுவது இங்கேதான். வலப்பக்கம் சுழற்றினால் மாறி: பின்பக்கம் இடப்புறம் வரும், பக்கற்தான் மறையும்.

> விளக்கம்

சேர்த்துவிட்டேன், அண்ணை. 3ஆம் பகுதி இப்போது இப்படி:

பின்வீச்சு: மேற்பாகம் சுழலும்போது எதிர்நிறை சங்கிலிக்கு வெளியே வரும் நகர்வு. எதிர்நிறைக்கும் மதிலுக்கும் இடையில் குறைந்தது 0.5 மீற்றர் விடுக. இடமில்லையெனில் அந்தப் பக்கத்தை ஆள் நுழையாதபடி அடைக்க. மேலுள்ள அளவுக்கு அடைப்பு சங்கிலி விளிம்பிலிருந்து 1.85 மீற்றரில் வரும். மற்ற இயந்திரங்களுக்கு அதனதன் அளவுப்படத்தில் ஆரையைப் பார்க்க. ஆள் கிட்ட வரவேண்டுமானால் முதலில் பக்கற்றை நிலத்தில் இறக்கி, இருக்கையின் இடப்பக்கப் பூட்டுநெம்பைப் பூட்டுக. பூட்டினால் கைப்பிடி தட்டுப்பட்டாலும் இயந்திரம் அசையாது.

'பூட்டுநெம்பு' சரிதானா? 'பூட்டுநெம்புகோல்' பலகையில் எழுத நீளம்.